சீகையின் சொந்தங்கள்

ஏதோ ஒரு கிளையைத் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டோம் என்றுதான் அமலி முதலில் நினைத்தாள். கணக்கை மறுபடி ஓடவிட்டாள். கேண்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். கிளை அதே இடத்தில்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கொடைக்கானல் மேட்டில் இருந்த மலைத்தாவர ஆய்வு நிலையத்தில் அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரங்களின் வம்சாவளியைத் தேடுவதுதான் அவள் வேலை. ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தால் போதும், அதன் மரபணுவைப் படித்து, அந்த மரத்துக்கு யார் பங்காளி, யார் தூரத்துச் சொந்தம், எந்தக் காலத்தில் குடும்பம் பிரிந்தது, எந்தக் கடலைத் தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவாள். நிலையத்தில் அதை ஜோசியம் என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அடுத்த வாரம் அமைச்சர் வருகிறார். பன்னிரண்டு வருட உழைப்பில் உருவான செந்துருவை அவர் கையால் மலையில் திறந்துவிடப் போகிறார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்க முன்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் வேண்டும் என்று இயக்குநர் நாகமாணிக்கம் கேட்டிருந்தார். "சனங்களுக்குப் புரியணும்மா. சீகை எங்கேருந்து வந்துச்சு, அதோட சாதிசனம் யாரு, அதுல எதைச் செந்துரு தொடும், எதைத் தொடாது. அவ்ளோதான்" என்றார்.

சீகை என்பது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல; எஸ்டேட்காரர்கள் வாட்டில் என்று சொல்லும் மரம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்ட கதையாக, மலை உச்சியில் இருந்த புல்வெளிகளை அது விழுங்கிவிட்டது. அந்தப் புல் பஞ்சுபோல மழையைக் குடித்து, கோடை முழுக்கக் கசியவிட்டுக் கொண்டிருந்த புல். சீகை வந்தபிறகு மலையடிவாரத்து ஓடைகள் மாசி மாதத்திலேயே வற்றின. வெட்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன. தீ வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சூட்டிலேயே ஓடு வெடித்து இன்னும் பல மடங்கு முளைத்தன.

அதற்கு மருந்தாக வந்ததுதான் செந்துரு. இலைகளில் செங்காவி நிறத்தில் படரும் ஒரு பூஞ்சை. அதைச் செய்து முடித்தவன் சிக்கந்தர். அமலியோடு மதுரையில் ஒன்றாகப் படித்தவன். சாதாரணப் பூஞ்சை கண்ட இலையிலும் ஏறும். சிக்கந்தரின் செந்துரு அப்படி இல்லை. இலைக்குள் நுழையும் முன் அது மரத்தின் மரபணு எழுத்துகளுக்குள் ஒரு குறிப்பிட்ட தொடரை, அவர்கள் பேச்சில் ஒரு சொல்லை, தேடும். அந்தச் சொல் இருந்தால் உள்ளே போய்ப் பெருகி மரத்தைக் கொல்லும். இல்லாவிட்டால் அங்கேயே காய்ந்து உதிர்ந்துவிடும். சீகையில் இருக்கிற, நம் கருவேலத்தில் இல்லாத ஒரு சொல்லை அவன் தேர்ந்தெடுத்திருந்தான்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தால் அழகாக இருக்கும் என்று அமலிக்குத் தோன்றியது. பொட்டு ஆஸ்திரேலியக் கிளையின் அடியில் விழும் என்று எதிர்பார்த்தாள். கணினி அதை இன்னும் கீழே, இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவட்டுக்கும் கீழே வைத்தது. ஒரு கிளையில் சீகை. இன்னொரு கிளையில் வாகை.

எத்தனையோ தலைமுறையாக அகேசியா என்று ஒரே பெயரைச் சொல்லி அழைக்கப்பட்ட சீகையும் கருவேலமும் உண்மையில் தூரத்துச் சொந்தம்தான். யாரும் நினைத்துப் பார்க்காத மூன்றாவது மரம்தான் கூடப்பிறந்தது. இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்காகத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று அவள் மனம் துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. வாகையிலும் அந்தச் சொல் இருக்கிறது.

படத்தைச் சுருட்டிக்கொண்டு சிக்கந்தரின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள்.

அவன் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிக் கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"சிக்கந்தர், நீ எடுத்த சொல்லுக்கு என்ன வயசுன்னு தெரியுமா?"

"சொல்லுக்கு எதுக்கு வயசு? சீகையில இருக்கு, கருவேலத்துல இல்ல. நமக்கு அது போதும்ல."

"போதாது. சீகையோட முன்னோருங்க ஆஸ்திரேலியாவுல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தச் சொல்லு பொறந்துருச்சு." அவள் படத்தை மேசைமேல் விரித்தாள். "இங்க பாரு. கருவேலம், வெள்வேலம், குடைவேலம் எல்லாம் இந்தப் பக்கம். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் இதுங்க ஊரு. சீகை அந்தப் பக்கம். மஞ்சப் பூ உருண்டையா இருக்கு, இலை பொடிசா இருக்குன்னு ரெண்டுக்கும் அகேசியான்னு ஒரே பேரை வச்சுட்டாங்க. ரெண்டும் பிரிஞ்சு எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு. சீகைக்கு நெருங்கின பங்காளி இதோ, வாகை. வாகையோட சேர்த்துத் தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி எல்லாம்."

சிக்கந்தர் குனிந்து பார்த்தான். அவன் விரல் பொட்டிலிருந்து மெதுவாக மேலே ஏறி, கவட்டில் நின்றது.

"நீ எதுல எல்லாம் சோதிச்ச?" என்று கேட்டாள்.

"அகேசியான்னு பேர் இருக்கிற எல்லாத்துலயும். அப்புறம் துவரை, உளுந்து, கடலை. சனங்க சாப்பிடுறது எல்லாத்துலயும்."

"வாகையில?"

அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"சொல்லு இருந்தா நோய் வந்துரும்னு கிடையாது" என்றான். "வாகை அதை எழுதி வச்சுட்டு எங்கயும் பயன்படுத்தாம இருக்கலாம். அப்படி நிறைய நடக்கும்."

"அப்படியும் இருக்கலாம். ரோட்டோரம் நிக்கிற அத்தனை தூங்குமூஞ்சி மரமும் அந்த 'இருக்கலாம்'ல தொங்குது. சோதிக்க எத்தனை நாளாகும்?"

"கன்னுல ஏத்தி, துரு வெளிய தெரிய ரெண்டு மாசம்."

"விழா அடுத்த வாரம்."

அவன் சன்னலைப் பார்த்தான். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "சோதனை ஒண்ணு ஏற்கெனவே நடந்துருக்கலாம்" என்றான்.

காத்துப்பாறைச் சரிவில் வலைக்குள் கொஞ்சம் சீகையை அடைத்து அவர்கள் செந்துருவை விட்டுப் பார்த்திருந்தார்கள். ஐப்பசிப் புயலில் அந்த வலை கிழிந்தது. அன்றைக்கே தைத்துவிட்டார்கள். சுற்றிலும் கருவேலமோ வேறு அகேசியாவோ இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பாறைக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டாள் அமலி.

"காப்பித் தோட்டம்."

காப்பிக்கு நிழல் வேண்டும். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது வாகை.

இருவரும் அவன் பைக்கில் கிளம்பினார்கள். பெருமாள்மலையைத் தாண்டியதும் மூடுபனி விலகி வெயில் அடித்தது. வழிநெடுக இரண்டு பக்கமும் சீகை. அமலிக்கு அந்தக் காட்டில் ஒவ்வொரு வளைவும் தெரியும். அவளுடைய தாத்தா பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஊர் திரும்புகிறீர்கள் என்று சொல்லித்தான் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் அதற்குமுன் இந்த ஊரைப் பார்த்ததில்லை. வந்து இறங்கியதும் கிடைத்த வேலை சீகை வெட்டுவது. அப்பாவும் அதையே செய்தார். பள்ளிக்கூடத்தில் அவளைச் சிலோன்காரி என்பார்கள். அவள் பிறந்தது கொடைக்கானல் அரசு மருத்துவமனையில்.

"பயமா இருக்கா?" என்று கத்திக் கேட்டான் சிக்கந்தர். காற்றில் பாதிதான் கேட்டது.

"இருக்கு. ஆனா ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே? சந்தோஷமாவும் இருக்கு."

"எதுக்கு?"

"இந்தக் குடும்பத்தைப் பத்தி நினைச்சாலே அப்படித்தான். ஹவாய்த் தீவுல சீகையோட உறவு மரம் ஒண்ணு இருக்கு. நம்ம இந்து மகாசமுத்திரத்துல ரீயூனியன் தீவுல இன்னொண்ணு இருக்கு. நடுவுல பதினெட்டாயிரம் கிலோமீட்டர். ரெண்டும் ஒரே அச்சு. யாரும் கொண்டுபோகல, அப்ப மனுசனே கிடையாது. பத்துப் பதினாலு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு கடல்பறவை, வயித்துலயோ கால் சேத்துலயோ, ஒரு விதையைத் தூக்கிட்டுப் பறந்துருக்கு. அந்த ஒத்தை விதை ஒரு தீவு முழுக்கக் காடாகியிருக்கு."

அவன் ஒரு வளைவை முடித்துவிட்டு, "விதை அவ்ளோ தூரம் போகும்னா, என் துருவும் போகும்" என்றான்.

வண்டியை முடுக்கினான்.

தோட்டம் குருவம்மாளுடையது. ஐம்பது வயதுக்காரி. கணவர் போனபிறகு தனியாக நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள். களத்தில் காப்பிப்பழம் காய்ந்து கொண்டிருந்தது. இவர்கள் ஆய்வு நிலையம் என்று சொன்னதுமே அவள் பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்த கட்டையைக் கீழே போட்டாள்.

"வந்துட்டீகளா. நானே ரெண்டு தடவை போன் போட்டேன், யாரும் எடுக்கல. பள்ளத்தோரம் வாகையெல்லாம் ஒருமாதிரி காவியடிச்சு நிக்குது. இந்த மாசத்துல அது இலை கொட்டாது. வாங்க, வந்து பாருங்க."

பள்ளத்தோரம் போவதற்கு முன்பே அமலிக்குத் தெரிந்துவிட்டது. காப்பிச் செடிகள்மேல் வெயில் நேராக விழுந்து கொண்டிருந்தது. மேலே பார்த்தாள். பெரிய வாகைகள். கிளைகள் பாதி மொட்டையாக நின்றன. மிச்சமிருந்த இலைகளில் குங்குமம் சிந்தியதுபோலத் துகள். சிக்கந்தர் ஒரு கொத்தைப் பறித்து லென்சை வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்ன நோயுங்க இது?" என்றாள் குருவம்மாள்.

அமலி அவனைப் பார்த்தாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். காட்டில் இல்லாத நோயா. குருவம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"இது நான் செஞ்சதும்மா" என்றான் சிக்கந்தர்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். சீகையைக் கொல்லச் செய்தது, வலை கிழிந்தது, வாகையைப் பற்றி நினைக்காமல் விட்டது. குருவம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரு வாகையின் அடிமரத்தில் கையை வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு வச்சதுப்பா. நிழலு போச்சுன்னா காப்பி ரெண்டு வருசத்துல கருகிரும். என்கிட்ட ஏழு குடும்பம் வேலை பாக்குது. உங்க சீகையை ஒழிக்கிறேன்னு எங்க சோத்துல கை வச்சுட்டீகளே. இது பரவிக்கிட்டே போகுமா?"

"போகாதும்மா. சோதனைக்கு விட்டதுல ஒரு கடிவாளம் வச்சிருக்கு. மூணு தலைமுறைக்கு மேல பெருகாது. இந்தப் பள்ளத்தோட நின்னுரும். ஆனா அடுத்த வாரம் விடப்போறதுக்குக் கடிவாளம் கிடையாது."

"அப்ப அதை விடாதீக" என்றாள் குருவம்மாள், அடுப்பை அணைக்கச் சொல்வதுபோல.

நோய் பிடித்த மரங்களை மறுநாளே வெட்டி எரித்துவிட வேண்டும் என்றான் சிக்கந்தர். அவள் ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை. வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் அவனே வந்து கன்று நட வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. அவன் தலையசைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

நாகமாணிக்கம் அந்த இலைக்கொத்தை மேசைமேல் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்தைந்தைத் தொட்டவர். அதிர்ந்து பேசாதவர்.

"நீ வந்து எவ்ளோ நாளாச்சும்மா?" என்றார் அமலியிடம்.

"பத்து மாசம் சார்."

"எனக்கு இது பன்னண்டு வருசம். எங்க ஊரு வத்தலகுண்டுக்குப் பக்கம். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஓடையில சித்திரையிலயும் இடுப்பளவு தண்ணி ஓடும். இப்ப எங்க தங்கச்சி லாரித் தண்ணிக்குக் குடம் வச்சுக்கிட்டு நிக்குது. கீழ இருக்கிற முப்பது ஊருலயும் இதே கதை. நான் விழாவை நிறுத்தினா அந்தச் சனங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நிறுத்தாட்டி, சார், அந்த ஊருலயும் ரோட்டோரம் தூங்குமூஞ்சி நிக்குது. ஆடு திங்கிறது கொடுக்காப்புளி. நிழலும் போயிரும், தண்ணியும் உடனே வந்துராது."

"தமிழ்நாட்டோட நிக்காது சார்" என்றான் சிக்கந்தர். "காத்துல போற சாமான். இதைச் செஞ்சவன் நான், நானே சொல்றேன். விட்டா திருப்பிப் பிடிக்க முடியாது."

அவர் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். அமைச்சரின் அலுவலகத்தில் அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் "ஆமாங்க", "என் பொறுப்புதாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்துவிட்டு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"விழா கிடையாது. ஆனா வேலை முடியல. அமலி, அந்தச் சொல்லு ரொம்பப் பழசுன்னா, புதுசா ஒண்ணைக் கண்டுபிடி. வாகையில இருக்கக் கூடாது. சீகையில மட்டும்தான் இருக்கணும். முடியுமா?"

"முடியும் சார்" என்றாள். சொன்னபிறகுதான் பயந்தாள்.

அதன்பின் வந்த மாதங்கள் அவள் வாழ்க்கையிலேயே மிகவும் துடிப்பான மாதங்கள். வம்சாவளியில் அவள் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனாள். ஆஸ்திரேலியா என்ற பெரும் நிலம் தென்துருவத்தை விட்டுப் பிரிந்து வடக்கே மிதந்து வந்து மெல்லக் காய்ந்தது. மற்ற மரங்கள் ஒதுங்கிய இடத்தில் இந்தக் குடும்பம் புகுந்தது. வேர்முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவைத்துக்கொண்டு காற்றிலிருந்தே தன் உரத்தைச் செய்துகொண்டு, தீயை விதை முளைக்கும் சமிக்ஞையாக மாற்றிக்கொண்டு, ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகிப் பிரிந்தது. ஒவ்வொரு கவட்டிலும் புதுச் சொற்கள் பிறந்திருந்தன. சீகை இனத்துக்கென்று தனியாக ஒரு சொல்லை அவள் பங்குனியிலேயே பிடித்துவிட்டாள். நிலையமே இனிப்பு சாப்பிட்டது.

அவள் அதை ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினாள். கேத்தரின் என்று பெயர். திரையில் அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போனது.

"இந்தச் சொல் எங்கள் காட்டிலுள்ள ஒவ்வொரு சீகையிலும் இருக்கிறது. உங்களுக்கு அது களை. இங்கே அதன் பிசினை நம்பி விலங்குகள் வாழ்கின்றன. உங்கள் பூஞ்சை கடலைத் தாண்டாது என்று உங்களால் எழுதித் தர முடியுமா?"

முடியாது. ஒற்றை விதை கடல் தாண்டிய கதையைப் பைக்கில் உட்கார்ந்து கத்திச் சொன்னவளே அவள்தான். அமலி அந்தச் சொல்லையும் ஓரமாக வைத்தாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. இந்த மலையில் நிற்கும் சீகையில் மட்டும் இருக்கிற, அதன் தாய்க்காட்டில்கூட இல்லாத ஒரு சொல். அப்படி ஒன்று இருக்குமா என்று சிக்கந்தரே சந்தேகப்பட்டான். மரங்களுக்கு நூற்றைம்பது வருடம் என்பது கண்மூடித் திறக்கிற நேரம். ஆனாலும் இருவரும் மலை மலையாக ஏறி இலை சேர்த்தார்கள். மன்னவனூர், பூம்பாறை, கூக்கல். வாரத்துக்கு ஒருமுறை அவன் குருவம்மாளின் தோட்டத்துக்குக் கன்று நடப் போவான். நகக்கண்ணில் மண்ணோடு திரும்பி வருவான்.

ஆடி மாதத்தில், ஒரு மழைநாள் மத்தியானம், அது அவள் திரையில் வந்து நின்றது. சின்னச் சொல். இந்த மலைகளில் சேகரித்த ஒவ்வொரு இலையிலும் இருந்தது. கேத்தரின் அனுப்பிய ஆயிரக்கணக்கான மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. வாகையில் இல்லை, கருவேலத்தில் இல்லை, உலகத்தில் வேறு எதிலும் இல்லை. முதலில் வந்த கைப்பிடி விதையிலிருந்து பெருகிய கூட்டத்தில், இங்கே முளைத்த ஏதோ ஒரு கன்றில் அது பிறந்திருக்கிறது. இந்தக் குளிருக்கோ, இந்த மழைக்கோ அது உதவியிருக்க வேண்டும். அந்தக் கன்றின் பிள்ளைகள் மட்டுமே இங்கே மிஞ்சியிருக்கின்றன.

அவள் சிக்கந்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இருவரும் மழையில் நனைந்துகொண்டே இயக்குநர் அறைக்கு ஓடினார்கள்.

நாகமாணிக்கம் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. "அப்ப இது ஆஸ்திரேலியாவுல ஒரு மரத்தைக்கூடத் தொடாது?"

"தொடாது சார். அங்க இந்தச் சொல்லே கிடையாது."

"வாகை?"

"தொடாது. இது இந்த மலையில பொறந்த சொல்லு. உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"இந்த மலையில பொறந்தது" என்று அவர் திருப்பிச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது. அமலியும் அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டாள்.

நாட்டின் தாவரச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரே ஒரு மலையில் மட்டும் இருக்கிற, வேறெங்கும் இல்லாத எந்தத் தாவர வம்சத்தையும் அடியோடு அழிக்கக் கூடாது. நாகமாணிக்கம்தான், இளவயதில், ஒரு சின்னப் புல்லுக்காகத் தலைநகரம் வரை போய் வாதாடி அந்தப் பிரிவை வாங்கி வந்தவர். அது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"வேற யாருகிட்டயும் சொல்லிட்டியாம்மா?"

"இல்ல சார். நாங்க ரெண்டு பேருதான்."

வெளியே தகரக்கூரையில் மழை கொட்டியது. அவர் மேசையில் இருந்த தாள்களை நேராக அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். இதை நீ கண்டுபிடிக்கலைன்னு வச்சுக்கலாமா? செந்துருவை மட்டும் மாத்திக்கலாம். எந்தச் சொல்லுன்னு யாரு கேக்கப்போறா."

"அது முடியாதுங்க சார்."

"ஏம்மா?"

"அந்த மரத்தைக் கொல்லணும்னா அது இந்த மலைக்காரன்னு முதல்ல ஒத்துக்கணும். இங்க பொறந்த அந்தச் சொல்லு ஒண்ணுதான் இப்ப அதுக்கு அடையாளம். அதை வச்சே கொன்னுட்டு, வெளியூர்க்காரன்னு எப்படி சார் எழுதுறது?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிக்கந்தரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடி, "நான் தட்டுல வளக்கிற துருவையெல்லாம் எரிச்சுரலாம்னு இருக்கேன் சார். தண்ணிக்கு வேற வழி பாப்போம்" என்றான்.

"பன்னண்டு வருசம்" என்றார் நாகமாணிக்கம். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைக் கேட்டார். "சரி. எழுதி அனுப்பு. உள்ளது உள்ளபடி எழுது."

சட்டம் வம்சத்தை அழிக்கத்தான் தடை போட்டது. மரத்தை வெட்டத் தடை இல்லை. புரட்டாசியில் ஆட்களை எடுத்தார்கள். மெதுவான வேலை. புல்வெளி இருந்த மேடுகளில் மட்டும் வெட்டுவது, முளைக்கிற கன்றுகளை வருடா வருடம் கையால் பிடுங்குவது, மீண்டும் புல் வைப்பது. பள்ளங்களில் சீகை நிழலிலேயே, இந்த மலைக்கே உரிய பழைய சோலைக்காட்டுக் கன்றுகள் தலைகாட்டி இருந்தன. அந்த இடங்களை அப்படியே விட்டுவிடச் சொன்னாள் அமலி. அமைச்சர் வரவில்லை. பத்திரிகைகளிலும் பெரிதாக எதுவும் வரவில்லை. ஒரு மேட்டை முடிக்கவே இரண்டு மழைக்காலம் ஆனது.

மூன்றாம் வருடம், கீழே நாகமாணிக்கத்தின் ஊர் ஓடையில் பங்குனி வரைக்கும் தண்ணீர் நின்றது. கணுக்கால் அளவுதான். அவர் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார்.

திரும்பி வந்த மறுநாள் காலையில், அடுத்த மேட்டைத் தொடங்குவதற்காக ஆட்களோடு அவரும் ஏறினார். அமலியும் சிக்கந்தரும் பின்னால் வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த வெட்டுக்காரர் ஒருவர் அரிவாளோடு பள்ளத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்து அவர் கையை உயர்த்தினார்.

"அங்க வேண்டாம்பா. மேட்டுல புல்லுக்குள்ள வந்திருக்கிறதை மட்டும் எடுத்தாப் போதும். பள்ளத்துல நிக்கிறது நம்ம சீகை. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் மேலே நடந்தார். என்ன சொன்னோம் என்று அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அமலி கவனித்தாள். சிக்கந்தர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவர் பின்னாலேயே மேடேறினாள்.